மோரிஸ் மைனர் பிக்கப்பில் ஹைலக்ஸ் பின்னச்சு: ஹவுசிங்கை எவ்வளவு வலுவூட்டினால் போதும்?

சிப்புட் பிக்கப் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருந்து எழுதுகிறேன். பால்மரக் காலத்தில் ஒரு தோட்ட அலுவலகத்தில் ஓடிய 1965ஆம் ஆண்டு மோரிஸ் மைனர் பிக்கப் ஒன்றை ஹாட் ராடாக மாற்றிக்கொண்டிருக்கிறேன். அதில் இருந்த 1098 சிசி எஞ்சினைக் கழற்றிவிட்டு, ஈப்போவில் ஒரு ஹாஃப்கட் கடையில் (பாதியாக வெட்டிய பழைய கார்களை விற்கும் கடை) வாங்கிய டொயோட்டா அல்தேசாவின் 3எஸ்-ஜிஇ எஞ்சினையும் அதனுடன் வந்த ஆறு கியர் பெட்டியையும் உட்கார வைத்துவிட்டேன். மைனரின் சொந்த டிஃப் (பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் கியர் தொகுதி) இந்த எஞ்சினைத் தாங்காது என்பதால், பழைய ஹைலக்ஸ் ஒன்றின் முழுப் பின்னச்சை வாங்கி வைத்திருக்கிறேன். டிஃப் விகிதம் 4.1. பட்டை ஸ்பிரிங்குகளை மாற்றாமல் அப்படியே வைத்துக்கொள்ள விரும்புகிறேன்.

என் ஐயம் ஹவுசிங்கைப் பற்றியது, அதாவது டிஃப்பையும் சக்கர ஷாஃப்டுகளையும் மூடித் தாங்கும் இரும்புக் கூட்டைப் பற்றியது. எங்கள் ஊரில் லோரிகளுக்கு வெல்டிங் செய்யும் ஒருவர், ஹவுசிங்கின் மேலும் கீழும் பின்னும் 10 மில்லிமீட்டர் தகடு வைத்து முழு நீளத்துக்கும் பற்றவைத்தால்தான் இந்த எஞ்சினுக்குத் தாங்கும் என்கிறார். இன்னொருவர், ஹைலக்ஸ் ஹவுசிங்குக்கு எதுவுமே தேவையில்லை, ஸ்பிரிங் உட்காரும் பேடுகளை மட்டும் மாற்றிப் பற்றவைத்து ஓட்டலாம் என்கிறார். இருவரும் அனுபவசாலிகள், யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியவில்லை.

வண்டியின் எடையைச் செம்பனை ஆலையின் எடைமேடையில் பார்த்தேன். ஓட்டுநருடன் சேர்த்து மொத்தம் 920 கிலோ; பின் சக்கரங்களை மட்டும் ஏற்றியபோது 420 கிலோ காட்டியது. டயர் 195/60, 15 அங்குல ரிம். ஹைலக்ஸ் அச்சு மைனரைவிட அகலமானதால் அதைக் குறுக்கவும் வேண்டும். பேடுகளை எந்தக் கோணத்தில் வைப்பது என்பதையும் யாராவது விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஆலை ஃபிட்டர்

தம்பி, எடையைப் பார்த்துவிட்டுக் கேள்வி கேட்டிருக்கிறீர்கள். பாதி வேலையை நீங்களே முடித்துவிட்டீர்கள். எவ்வளவு இரும்பு சேர்ப்பது என்று பேசுவதற்கு முன்னால், அந்த ஹவுசிங் என்ன சுமையைத் தாங்கப் போகிறது என்று பார்த்துவிடுவோம்.

உங்கள் எஞ்சினின் முறுக்குவிசை 200 நியூட்டன் மீட்டரைச் சற்றுத் தாண்டும். கணக்குக்கு 200 என்றே வைத்துக்கொள்வோம். முதல் கியர் சுமார் 3.9, டிஃப் 4.1 என்றால், பெருக்கி வருவது ஏறத்தாழ 3,200 நியூட்டன் மீட்டர். சக்கரத்தை எந்த அளவு விசையோடு முன்னோக்கிச் சுழற்றுகிறோமோ, அதே அளவு விசை ஹவுசிங்கை எதிர்த்திசையில் திருப்ப முயலும். அதனால்தான் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது பினியன் மூக்கு (கியர் பெட்டியிலிருந்து வரும் ஷாஃப்ட் சேரும் டிஃப்பின் முன்முனை) மேலே எழும்புகிறது. உங்கள் லோரி வெல்டர் இந்த 3,200ஐ மனத்தில் வைத்துத்தான் 10 மில்லிமீட்டர் தகட்டைச் சொல்கிறார்.

ஆனால் அந்த 3,200 தரைக்குப் போய்ச் சேராது. பின் சக்கரங்களில் நிற்கும் எடை 420 கிலோ. வேகமாகக் கிளம்பும்போது பின்னால் சாயும் எடையையும் சேர்த்தால், மைனரின் 218 சென்டிமீட்டர் சக்கர இடைவெளிக்கு, 520 கிலோ அளவில் வரும். நல்ல தார்ச்சாலையில் டயரின் பிடிப்பை 0.9 என்றும், டயரின் ஆரத்தை 30 சென்டிமீட்டர் என்றும் கொண்டால், டயர் சுழன்று வழுக்குவதற்கு முன் தாங்கக்கூடியது சுமார் 1,400 நியூட்டன் மீட்டர்தான். அதற்கு மேல் எஞ்சின் எவ்வளவு கொடுத்தாலும் ரப்பர் புகையாகப் போகுமே தவிர, ஹவுசிங்குக்கு நிலையான சுமையாக வராது. ஒரு டன் சாமானை ஏற்றிக்கொண்டு ஓடுவதற்காகச் செய்யப்பட்ட அச்சுக்கு இது பெரிய வேலை இல்லை.

எந்தப் பக்கம் வளையும் என்பதையும் தெரிந்துகொண்டால்தான் தகட்டை எங்கே வைப்பது என்று முடிவு செய்ய முடியும். தோளில் தூக்கும் காண்டாக் கம்பு நடுவில் தாங்கப்பட்டு இரு முனைகளிலும் வாளிகளால் கீழே வளைகிறது. அச்சில் நிலைமை அதற்கு நேர்மாறு. முனைகளைச் சக்கரங்கள் மேலே தள்ளுகின்றன, உள்ளே இரண்டு இடங்களில் ஸ்பிரிங் கீழே அழுத்துகிறது. ஆகவே குழாயின் அடிப்பக்கம் இழுவிசையிலும் மேற்பக்கம் அழுத்தத்திலும் இருக்கும். வண்டி முன்னோக்கிப் பாயும்போதோ சக்கரங்கள் முனைகளை முன்னே தள்ளுவதால் குழாயின் பின்பக்கம் இழுவிசைக்கு வருகிறது. நேர்கோட்டில் ஓடும் டிராக் பந்தயக் கார்களில் பின்பக்கம் ஒரு பிரேஸ் (தாங்குதகடு) வைப்பதற்குக் காரணம் இதுதான்.

என்னுடைய பரிந்துரை: பின்பக்கம் மட்டும், 4 அல்லது 5 மில்லிமீட்டர் மைல்டு ஸ்டீல் தகட்டை ஆங்கில 'யூ' வடிவில் மடித்து, ஒரு பேடிலிருந்து மறு பேடு வரை ஒரே பிரேஸ். நடுவில் உள்ள வட்ட மூடி மெல்லிய தகடு. பிரேஸை அதன் மையத்தில் ஆழமாகப் பற்றவைத்தால் பின்னாளில் எண்ணெய் கசியும். குழாய் விரிந்து வட்டமாகும் தோள்பட்டைப் பகுதியில் பற்றவைத்தால் போதும். ஹைலக்ஸ் ஹவுசிங் அழுத்தி வடிவமைத்த எஃகுத் தகடுகளால் ஆனது என்பதால் சாதாரண மிக் வெல்டிங் அதில் நன்றாகப் பிடிக்கும். வார்ப்பிரும்பு நடுப்பகுதியில் குழாயைச் செருகிய வகை அச்சுகளுக்குச் செய்வதுபோல் முன்சூடு, நிக்கல் ராடு என்றெல்லாம் தேவையில்லை.

இனி உண்மையான ஆபத்துக்கு வருகிறேன். இரும்பு குறைந்ததால் வளைந்த ஹவுசிங்குகளைவிட, இரும்பு சேர்க்கும்போது வளைந்துபோன ஹவுசிங்குகளையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். வெல்ட் குளிரும்போது சுருங்கும். பின்பக்கம் மட்டும் நீளமாக வெல்ட் ஓட்டினால், இரு முனைகளும் பின்னோக்கி இழுபட்டு, சக்கரங்களின் முன்விளிம்புகள் வெளிப்பக்கம் விரிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது; டயர் தேய்ந்த பிறகும், ஹாஃப் ஷாஃப்டின் (டிஃப்பிலிருந்து சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்ட்) சீல் அடிக்கடி கசியத் தொடங்கிய பிறகும்தான் தெரியும்.

ஆகையால், டிஃப், ஹாஃப் ஷாஃப்ட், பேரிங், சீல் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, தேவையற்ற பழைய டிஃப் கூடு ஒன்றை வெறுமையாக முன்முகத்தில் போல்ட் போட்டு இறுக்குங்கள். அது முகம் கோணாமல் பார்த்துக்கொள்ளும். பிறகு நேரான கனமான ஷாஃப்ட் ஒன்றையும், முனைப் பேரிங் குழிகளுக்கும் டிஃப் பேரிங் குழிகளுக்கும் பொருந்தும் வளையங்களையும் லேத்தில் கடைந்து, ஹவுசிங்கின் ஊடாகச் செருகி வையுங்கள். எண்ணெய் ஊறிய இரும்பில் வெல்ட் குமிழியிடும் என்பதால் உள்ளும் புறமும் நன்கு கழுவுங்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனரை மட்டும் அந்தப் பக்கமே கொண்டுவராதீர்கள். அதன் ஈரம் மீதமிருக்கும்போது வெல்டிங் ஒளி பட்டால் பாஸ்ஜீன் என்னும் நச்சு வாயு உண்டாகும். வெல்டை விரல் நீளத் துண்டுகளாக, இடம் வலம் மாற்றி மாற்றிப் போட்டு, கை வைக்கும் அளவுக்குச் சூடு தணிந்த பிறகு அடுத்த துண்டைத் தொடங்குங்கள். முடிந்ததும் அந்த ஷாஃப்ட் கையால் தள்ளினாலே வெளியே வர வேண்டும். வரவில்லை என்றால், வளைந்த திசைக்கு எதிர்ப்பக்கத்தில் ஓரிடத்தில் மட்டும் செந்தணலாகச் சூடாக்கி ஆறவிட்டு இழுத்துக்கொள்ளலாம். சுத்தியலால் அடிக்க வேண்டாம்.

கசிவு பார்ப்பதற்கு, வெளியே வெல்டின் மேல் சுண்ணாம்பைக் கரைத்துப் பூசிக் காயவிட்டு, உள்ளே மண்ணெண்ணெய் தடவி வையுங்கள். துளை இருந்தால் வெள்ளையில் ஈரப் புள்ளி விழும்.

லோரிக்காரன்

ஃபிட்டர் அண்ணனின் கணக்கு சரியானது. ஆனால் அது வழவழப்பான தார்ச்சாலையில் நிதானமாகக் கிளம்பும் வண்டிக்கான கணக்கு. தோட்டத்துச் செம்மண் சாலையில், மழைக்குப் பின் லோரிகள் தோண்டிவிட்ட பள்ளத்தில், ஒரு பின்சக்கரம் காற்றில் சுழன்றுவிட்டுத் திடீரென்று கல்லைப் பிடிக்கும் தருணத்தில் வரும் அடிக்கு டயர் காவல் நிற்காது. அப்போது சுழன்றுகொண்டிருக்கும் சக்கரமும் ஷாஃப்டும் எஞ்சினின் ஃபிளைவீலும் சேர்ந்து அடிக்கின்றன. கிளட்சைப் படாரென்று விட்டாலும் அதே கதைதான்.

அதைவிட மோசமானது, பின்னச்சு துள்ளுவது. பட்டை ஸ்பிரிங்கின் முன்பாதி ஹவுசிங்கின் திருகலைத் தாங்க முடியாமல் எஸ் வடிவில் வளையும், டயர் பிடிப்பை இழந்ததும் விட்டெறிந்ததுபோல் நிமிரும், டயர் மறுபடி பிடித்ததும் மீண்டும் வளையும். பின்பக்கம் இலேசான பிக்கப்புக்கு இது நிச்சயம் வரும். பேடு பிய்ந்துபோவதும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் (கியர் பெட்டியிலிருந்து டிஃப்புக்குப் போவது) கிராஸ் மூட்டு உடைவதும் இதனால்தான்.

இதற்காக 10 மில்லிமீட்டர் தகட்டை நான் ஆதரிக்கவில்லை. அவ்வளவு எடையைப் பின்னச்சில் ஏற்றினால் ஒவ்வொரு பள்ளத்திலும் அந்தக் கூடுதல் எடையைத்தான் ஸ்பிரிங் தூக்கிப்போட வேண்டியிருக்கும். இலேசான வண்டி பின்னால் தவளையாகிவிடும். பிரேஸ் அண்ணன் சொன்ன அளவிலேயே இருக்கட்டும். காசைப் பேடுகளுக்கும், துள்ளலை அடக்கும் தண்டுகளுக்கும், மைனரின் பழைய நெம்பு வகை டாம்பரை நீக்கிவிட்டு நல்ல குழாய் வகை ஷாக் அப்சார்பர் போடுவதற்கும் செலவிடுங்கள்.

ஆலை ஃபிட்டர்

ஏற்றுக்கொள்கிறேன். திடீர் அடிக்கு நான் இடம் வைக்கவில்லை. அதற்குரிய மிகை பலம் அந்த ஹவுசிங்கிலேயே இருக்கிறது என்பது என் கருத்து. பேடுகளில் இல்லை என்பதில் உங்களோடு உடன்படுகிறேன்.

கோணமானி

பேடுகளைப் பற்றியும் கோணத்தைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். என் பார்வையில் இந்த வேலையின் உயிர் அதில்தான் இருக்கிறது.

ஹைலக்ஸின் பழைய பேடுகளைக் கிரைண்டரால் எடுக்கும்போது குழாயில் வெட்டு விழக் கூடாது. வெல்டில் ஒரு மெல்லிய விளிம்பை விட்டுவிட்டுப் பிறகு ஃபிளாப் டிஸ்க்கால் தேய்த்து எடுங்கள். புதிய பேடின் வளைவு குழாயின் வெளி விட்டத்தோடு இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும். வெல்டைக் குழாயின் நீளவாக்கில், பேடின் முன்னும் பின்னும் மட்டுமே போடுங்கள். குழாயைச் சுற்றி வளைத்துப் போடாதீர்கள். உங்கள் ஸ்பிரிங் அச்சுக்குக் கீழே வருமானால் பேடும் அடிப்பக்கத்தில்தான் உட்காரும், அது இழுவிசைப் பக்கம் என்று மேலே சொல்லப்பட்டுவிட்டது. அங்கே குறுக்காக ஒரு வெல்ட் ஓடினால், விரிசல் தொடங்குவதற்கு இடத்தை நாமே அடையாளம் போட்டுக் கொடுத்ததாக ஆகிவிடும்.

ஆனால் முழு வெல்டுக்கு அவசரப்படாதீர்கள். பேடுகளை ஹவுசிங்கில் பற்றவைக்காமல், அச்சை ஸ்பிரிங்கோடு கட்டும் யூ-போல்டுகளை இலேசாக மட்டும் இறுக்கி, ஹவுசிங் திரும்பக்கூடிய நிலையில் வண்டியைத் தரையில் இறக்குங்கள். எஞ்சின், கியர் பெட்டி, பெட்ரோல் தொட்டி, பின் பலகை, ஓட்டுநர் எடைக்கு மூட்டை எல்லாம் ஏறியிருக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும் வண்டியில் வைத்த கோணம் தரையில் இறங்கியதும் பொய்யாகிவிடும்.

முதலில் அச்சு நேராக நிற்கிறதா என்று பாருங்கள். சேசிஸின் முன்பகுதியில் இடமும் வலமும் ஒத்த இரண்டு புள்ளிகளைத் தேர்ந்து, தூக்குக்குண்டு விட்டுத் தரையில் சாக்பீஸால் குறித்து, அங்கிருந்து அச்சின் எதிர் முனைகளுக்குக் குறுக்காக அளந்தால் இரண்டு அளவுகளும் ஒன்றாக இருக்க வேண்டும். அறுபது வயதான வண்டியின் ஸ்பிரிங் தொங்கல்கள் இருக்கும் இடத்தை அப்படியே நம்ப வேண்டாம். ஏதோ ஒரு காலத்தில் ஏதோ ஒரு மரத்தில் இடித்திருக்கும்.

அடுத்தது பினியன் கோணம். கியர் பெட்டியின் வெளியீட்டு ஷாஃப்ட் பின்னோக்கி எத்தனை பாகை சரிந்திருக்கிறது என்று கோணமானியால் பாருங்கள். உதாரணமாக 3 பாகை என்றால், பினியனும் அதற்கு இணையாக 3 பாகை மூக்கு உயர்ந்திருந்தால்தான் இரண்டு கிராஸ்களின் வேக ஏற்ற இறக்கங்களும் ஒன்றையொன்று ஈடுசெய்து, வண்டி அதிராமல் ஓடும். ஆனால் பட்டை ஸ்பிரிங் வண்டியில் ஆக்சிலேட்டரை மிதித்ததும் மூக்கு உயரும் என்பதால், நிற்கும் நிலையில் அதை 2 பாகை குறைத்து வைக்க வேண்டும். அதாவது இந்த உதாரணத்தில் 1 பாகை மட்டுமே உயர்வு. துள்ளலை அடக்கும் தண்டு போட்டால் திருகல் குறையும், அப்போது 1 பாகை குறைத்தாலே போதும். கிராஸின் வேலைக்கோணம் முற்றிலும் சுழியமாகவும் இருக்கக் கூடாது. ஊசி பேரிங்குகள் அசையாமல் ஒரே இடத்தில் அழுத்திக் குழி விழும். 3 பாகைக்கு மேலும் போக வேண்டாம்.

லோரிக்காரர் சொன்ன தண்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அது ஸ்பிரிங்கின் முன்பாதியோடு ஏறத்தாழ இணையாகவும், நீளத்தில் அதற்கு நெருக்கமாகவும் இருக்க வேண்டும். குட்டையான தண்டைக் கிடைத்த இடத்தில் மாட்டினால், அச்சு மேலே ஏறும்போது ஸ்பிரிங் ஒரு வளைவில் போகும், தண்டு வேறொரு வளைவில் போகும். இரண்டும் மல்லுக்கு நின்று ஏதாவது ஒன்றின் புஷ்ஷைப் பிய்த்துவிடும்.

கோணம் சரியானதும் பேடுகளுக்கு நான்கு மூலைகளிலும் புள்ளி வெல்ட் வைத்து, அச்சைக் கழற்றி வெளியே எடுத்து, ஃபிட்டர் சொன்ன ஷாஃப்டைச் செருகிக்கொண்டு முழு வெல்ட் செய்யுங்கள். வண்டியிலேயே வைத்து வெல்ட் செய்வதானால், அது புள்ளி வெல்டாக இருந்தாலும், எர்த் கிளிப்பை வெல்டுக்குப் பக்கத்திலேயே கவ்வவிடுங்கள். சேசிஸில் எங்கோ மாட்டினால் மின்சாரம் பேரிங் வழியாகப் பாய்ந்து அதைப் பொசுக்கும். பாட்டரியையும் கழற்றிவிடுங்கள்.

சிப்புட் பிக்கப்

மூவருக்கும் மிக்க நன்றி. பின்பக்கம் ஒரே ஒரு 5 மில்லிமீட்டர் பிரேஸ் என்று முடிவு செய்துவிட்டேன். இன்னும் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஹவுசிங்கைக் குறுக்கினால் ஹாஃப் ஷாஃப்டையும் குறுக்க வேண்டும். இங்கே ஒரு பட்டறையில், ஷாஃப்டை நடுவில் வெட்டி, மேலே ஒரு குழாயை உறையாகப் போட்டுப் பற்றவைத்துத் தருவதாகச் சொல்கிறார்கள், விலையும் குறைவு. செய்யலாமா? ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அனுமதி விஷயத்தையும் எப்போது தொடங்குவது என்று சொல்லுங்கள்.

ஆலை ஃபிட்டர்

ஹாஃப் ஷாஃப்டைப் பற்றவைக்கவே கூடாது. அதன் மேற்பரப்பு வெப்பப் பதனம் செய்து கடினமாக்கப்பட்டது. வெல்டின் சூடு பட்ட இடத்தில் அந்தக் கடினம் போய், அதன் ஓரத்தில் நொறுங்கும் தன்மையுள்ள ஒரு வளையம் உருவாகும். உடைவது பெரும்பாலும் அங்கேதான். மேலே குழாயைப் போட்டு மூடுவதால் விரிசல் கண்ணில் படாமல் போகுமே தவிர, வராமல் போகாது. உங்கள் அச்சு வகையில் சக்கரத்தைத் தாங்கி நிற்பதும் அதே ஷாஃப்ட்தான் என்பதை மறக்காதீர்கள். உடைந்தால் சக்கரமே டிரம்மோடு கழன்று போகக்கூடும்.

முறையான வழி, ஷாஃப்டைத் தேவையான நீளத்துக்கு வெட்டி, முனையில் புதிய ஸ்பிளைன் (டிஃப்புக்குள் பொருந்தும் நீளவாட்டுப் பற்கள்) வெட்டுவது. அதற்கு முன், நடுப்பகுதியின் விட்டத்தை வெர்னியரால் அளந்து பாருங்கள். அது ஸ்பிளைனின் விட்டத்தைவிட மெல்லியதாக இருந்தால் புதிய ஸ்பிளைனுக்குச் சதை இருக்காது. அப்போது வேறு வண்டியின் குட்டையான ஷாஃப்டைத் தேட வேண்டும், இல்லாவிட்டால் புதிதாகக் கடைய வேண்டும். இந்த அளவெடுப்பு முடியும்வரை ஹவுசிங்கை வெட்டாதீர்கள். ஷாஃப்ட் எந்த நீளத்தில் கிடைக்கிறது என்பதுதான் ஹவுசிங்கின் நீளத்தைத் தீர்மானிக்கும். அகலம் சற்றுக் கூடுதலாக இருந்தாலும், ரிம்மின் உள்வாங்கலை மாற்றி மட்கார்டுக்குள் அடக்கிவிடலாம். ஹைலக்ஸ் ஹப்பில் ஆறு போல்ட், மைனரின் முன்ஹப்பில் நான்கு என்பதால் ரிம்மைப் பற்றி எப்படியும் யோசிக்கத்தான் வேண்டியிருக்கும்.

லோரிக்காரன்

ஜேபிஜேவுக்கு இப்போதே போங்கள். எஞ்சின் மாற்றத்துக்கே ஜேபிஜேயின் அனுமதியும் வாகனப் பரிசோதனையும் வேண்டும். அச்சு, பிரேக், சேசிஸ் என்று கை வைத்த பிறகு அனுமதி கேட்டால் எல்லாவற்றையும் கழற்றிக் காட்டச் சொன்னாலும் நம்மிடம் பதில் இருக்காது. வெல்ட் செய்வதற்கு முன்னும் பின்னும் படங்கள் எடுத்து, அளவுகளை எழுதி, எஞ்சின் வாங்கிய ரசீதோடு ஒரே கோப்பில் வையுங்கள்.

யூ-போல்டுகளைப் புதிதாகவே வாங்குங்கள். ஒருமுறை இழுபட்ட பழைய போல்ட் மறுபடி சரியாக இறுகாது. கடைசி இறுக்கத்தை வண்டி தன் எடையோடு தரையில் நிற்கும்போது டார்க் ரெஞ்ச்சால் கொடுத்து, சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் மறுபடியும் சரிபாருங்கள்.

இன்னொன்று. ஹவுசிங்கின் மேல் மூச்சுக்குழாய் ஒன்று இருக்கும். பிரேஸ் வைக்கும் மும்முரத்தில் அதைப் பெயிண்டால் அடைத்துவிடாதீர்கள். அடைத்தால் சூடான காற்று வெளியேற வழியில்லாமல் எண்ணெயைச் சீல் வழியாகப் பிரேக் டிரம்முக்குள் தள்ளும். அதில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி, மழைநீர் ஏறாத உயரத்தில் சேசிஸோடு கட்டிவிடுங்கள்.

சிப்புட் பிக்கப்

மூச்சுக்குழாய் ஏற்கெனவே பெயிண்டால் அடைந்துதான் இருக்கிறது. இப்போதுதான் போய்ப் பார்த்தேன். ஷாஃப்டின் நடு விட்டத்தை அளந்துவிட்டு, அந்த எண்ணை இங்கே பதிவு செய்கிறேன். அதன் பிறகுதான் ஹவுசிங்கில் வெட்டு.